மிராவெட் ஓடம்: எஞ்சின் இல்லாமல் எப்ரோவைக் கடக்க

ஸ்பெயினில், கத்தலோனியாவின் தென்பகுதியில், எப்ரோ ஆற்றின் வலக்கரையில் இருக்கிற சிற்றூர் மிராவெட். சாலை வழியாக நேரே ஊருக்குள் போய்விடலாம்தான். ஆனால் இடக்கரையில் ஜினெஸ்தார் ஊர்ப் பக்கமிருந்து ஓடத்தில் வருவதே சரி. செங்குத்துப் பாறை, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள், சுமார் 100 மீட்டர் உயரத்தில் கோட்டை என மொத்த ஊரும் ஒரே பார்வையில் விழும் இடம் அந்தக் கரைதான்.

இரண்டு படகுகளை இணைத்து, மேலே மரத்தளம் போட்டதுதான் ஓடம். காரும் ஏறும். எஞ்சின் கிடையாது. கரைக்குக் கரை கட்டிய வடம் ஓடத்தை நீரோடு போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஓடக்காரர் சுக்கானைத் திருப்பி, முனையை நீரோட்டத்துக்கு எதிராக, போகவேண்டிய கரைப் பக்கம் சாய்க்கிறார். சாய்ந்த பக்கத்தில் மோதும் நீரே குறுக்கே தள்ளிவிடும். சாய்வு குறைந்தால் உந்துதல் போதாது. கூடினால் வடத்தின் இழுவிசை ஏறும். நடு ஆற்றில் வேகம், கரை நெருங்க மந்தம்.

குறையும் இங்கேதான். ஆற்றின் மேல்பக்கத்தில் மெகினென்சா, ரிபா-ரோஜா, ஃபிலிக்ஸ் அணைகள் எவ்வளவு நீர் விடுகின்றன என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். வெள்ளமென்றாலும் ஓடம் நிற்கும், பலத்த காற்றென்றாலும் நிற்கும். ஓடும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இதை நம்பக்கூடாது. நின்றுவிட்டால் வடக்கே மோரா லா நோவா போய், பாலம் கடந்து, மோரா தெப்ரே வழியாகத் திரும்பி வரவேண்டும். ஏறக்குறைய அரை மணி நேரச் சுற்று. கார் ஏற்றுபவர்கள் துறைச்சரிவில் ஊர்ந்து இறங்குங்கள். தாழ்வான வண்டியென்றால் முன்பக்கம் தட்டும்.

இறங்கியதும் பழைய தேவாலயத்தைத் தாண்டிக் கோட்டைக்கு ஏறலாம். மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்களிடமிருந்து 1153-ல் பார்சலோனா பிரபு நான்காம் ராமோன் பெரங்கெர் கைப்பற்றி, டெம்ப்ளர் வீரத்துறவிகளுக்குக் கொடுத்த கோட்டை இது. அரகோன் அரசர் இரண்டாம் ஜௌமே அந்தத் துறவியர் சபையை ஒடுக்கியபோது இங்கிருந்தவர்கள் ஏறக்குறைய ஓராண்டு முற்றுகையைத் தாங்கி, 1308 டிசம்பரில்தான் சரணடைந்தார்கள். ஆற்றைப் பிடித்தவர் கையில்தான் வழி என்ற கணக்கு 1938-ல், ஸ்பானிய உள்நாட்டுப் போரிலும் மாறவில்லை: ஜூலை 25 அன்று குடியரசுப் படை எப்ரோவைக் கடந்த இடங்களில் மிராவெட்டும் ஒன்று.

ஏற்றம் செங்குத்து. கோடையில் காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் கையிலிருக்கட்டும். குயவர் தெருவை இறங்கும்போது பார்ப்பதே நல்லது. மண்குடத்தைச் சுமந்துகொண்டு யாரும் மலையேற முடியாது.