மினி டி.வி. (MiniDV) கேசட்டா, டிஜிட்டல் 8-ஆ? பழைய டேப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அலசல்

2000களின் தொடக்கத்தில் வீட்டுக்குக் கேம்கோடர் வாங்க நினைத்தவர் முன் மூன்று வழிகள் இருந்தன: 1995இல் வந்த மினி டி.வி. கேசட், 1999இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல் 8, அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்த 8 செ.மீ. டிவிடி. நான் வாங்கியது டிஜிட்டல் 8. பழைய ஹை8 டேப்புகளை (8 மி.மீ. அனலாக் கேம்கோடர் கேசட்டுகளை) கணினிக்கு மாற்றுவதற்காக இன்று பழைய கேமரா தேடுகிறவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

படத்தின் தரத்தை வைத்து முதல் இரண்டுக்கும் இடையே வழக்காட ஒன்றுமில்லை. இரண்டும் பதிவது அதே டி.வி. (DV, டிஜிட்டல் வீடியோ) முறையில்தான், நொடிக்கு 25 மெகாபிட், பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் 720க்கு 576 புள்ளிகள், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. மினி டி.வி. கேமரா கையடக்கமானது, பல நிறுவனங்கள் தயாரித்தது. டிவிடி கேமராவை உறவினர் வீட்டில் கையாண்ட அளவில்தான் அறிவேன்: 1.4 ஜிபி வட்டு உயர்ந்த தரத்தில் இருபது நிமிடத்தில் நிறைந்துவிடும். பதிவை முடித்து வட்டை மூடும் ‘பைனலைஸ்’ வேலையைச் செய்யாவிட்டால் மற்ற பிளேயர்கள் பெரும்பாலும் அதை ஏற்காது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அலமாரியில் இருந்த பழைய டேப்புகள்தாம். டிஜிட்டல் 8 புதிய பதிவுக்கும் அதே ஹை8 கேசட்டைத்தான் பயன்படுத்துகிறது. டேப் வேகமாக ஓடுவதால் 90 நிமிடக் கேசட்டில் 60 நிமிடமே பதியும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வகைக் கேமராக்களில் பல, ஹை8க்கு முந்தைய வீடியோ8, ஹை8 ஆகிய பழைய பதிவுகளையும் ஓட்டி, உள்ளேயே டிஜிட்டலாக்கி, பயர்வயர் கம்பி வழியே கணினிக்கு அனுப்பிவிடும். பழைய அனலாக் கேமராவிலிருந்து கணினியில் வீடியோவை உள்வாங்கும் கேப்சர் கார்டு வழியாக எடுத்தால், தேய்ந்த டேப்பில் படத்தின் ஓரம் பாம்புபோல் நெளியும், சில பிரேம்கள் விடுபட்டு ஒலியும் உதட்டசைவும் பிரிந்துபோகும். டிஜிட்டல் 8இன் பல மாடல்களில் உள்ள டிபிசி என்னும் நேரத் திருத்தச் சுற்று அந்த நெளிவைப் பெருமளவு நேராக்கிவிடுகிறது. மினி டி.வி. கேமராவில் அந்தக் கேசட் நுழையவே நுழையாது. பழைய டேப் ஏதும் இல்லாத வீட்டுக்கு மினி டி.வி.யே போதும், பழுதானால் மாற்றுக் கேமராவும் அதில்தான் எளிதாகக் கிடைக்கும்.

பராமரிப்பில் ஒரு கவனம் தேவை. கேசட்டின் சிறு கண்ணாடி வழியே பார்க்கும்போது டேப் சுருளின் விளிம்பில் வெண்பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை; துடைக்காமல் ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். டிஜிட்டல் 8 என்று பெயர் இருந்தாலும் எல்லா மாடல்களும் அனலாக் பதிவை ஓட்டுவதில்லை. ஆகவே பழைய கேமரா வாங்கச் செல்லும்போது, பூஞ்சையில்லாத ஒரு ஹை8 கேசட்டைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.