விடியற்காலை மணிச் சத்தம்: அத்லெட் சென்ட்ரல் செயலியுடன் நான்கு ஆண்டுகள்

சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு அழைப்பு மணியை வாரம் ஒருமுறை நானே அழுத்திப் பார்ப்பேன். ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி விடியற்காலையில் வந்து மணியடித்து, அது எனக்குக் கேட்காமல் போனால் தவறு என் கணக்கில்தான் சேரும். நான் நடுத்தூர ஓட்டக்காரி. சொல்லாமல் வந்து சோதிக்கப்படுபவர்களின் பட்டியலான பதிவுசெய்யப்பட்ட சோதனைக் குழுவில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் அத்லெட் சென்ட்ரல் செயலி என் கைப்பேசியில் இருக்கிறது.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அந்தக் காலாண்டு தொடங்கும் முன்பே செயலியில் விவரங்களைக் கொடுத்துவிட வேண்டும். இரவு எங்கே தங்குகிறேன், எங்கே பயிற்சி, எப்போது போட்டி என்று எல்லாமே. அதோடு தினமும் காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள் ஒரு மணி நேரத்தைக் குறித்து, அப்போது சொன்ன இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மற்ற நேரத்திலும் சோதிக்க வரலாம். ஆனால் சோதனையைத் தவறவிட்டதாக எழுதுவது அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான்.

முதல் ஆண்டில் அதை மாலையில், காலாங் பயிற்சித் திடலில் வைத்திருந்தேன். மழையும் மின்னலும் வந்தால் பயிற்சி ரத்தாகும், உடனே இடத்தை மாற்ற வேண்டும். அப்புறம் காலை 5.30 முதல் 6.30 வரை, வீட்டிலேயே என்று மாற்றிக்கொண்டேன். புதிதாகச் சேர்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். தூங்கி எழுந்த நேரம் என்பதால் சிறுநீர் மாதிரி கொடுப்பதும் எளிது.

செயலியில் எனக்குப் பெரிய குறை இல்லை. அந்த ஒரு மணி நேரம் தொடங்கும் வரை இடத்தை மாற்றலாம். சிரமமெல்லாம் திட்டமில்லாத இரவுகளில்தான். இரண்டாம் ஆண்டில், மலேசியாவின் ஜோகூரில் சின்னம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். இரவே திரும்புவதாகத்தான் இருந்தது. இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை என்று கேள்விப்பட்டதும், "காலையில போலாம், படு" என்று சின்னம்மா பாய் விரித்துவிட்டார். நானும் செயலியில் இடத்தை மாற்றாமலேயே படுத்துவிட்டேன். மறுநாள் 6 மணிக்கு ஈசூனில் கதவைத் திறந்தது அப்பா. அதிகாரி அந்த நேரம் முடியும்வரை காத்திருந்துவிட்டுப் போனார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உள்ளதை எழுதினேன். தவறவிட்ட சோதனையாகப் பதிவானது.

12 மாதங்களுக்குள் இப்படி மூன்று சேர்ந்தால் அதுவே விதிமீறல், வழக்கமாக இரண்டு ஆண்டுத் தடை. விவரம் தராததும் தவறாகத் தந்ததும் அந்த மூன்றில் சேரும். 2019இல் 100 மீட்டரில் உலகச் சாம்பியனான கிறிஸ்டியன் கோல்மன் இதனால்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடவில்லை. ஊக்கமருந்து எடுத்தார் என்று அவர்மீது குற்றச்சாட்டே கிடையாது. முன்பு அந்தச் செய்தியை விளையாட்டுச் செய்தியாக மட்டும் படித்தவள் நான். என் கடிதம் வந்த பிறகு 12 மாதங்களையும் நாட்காட்டியில் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஒரு தீபாவளியன்றும் வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் முன்பே நிறையத் தண்ணீர் குடித்திருந்தேன். 90 மில்லி கொடுத்தும் சிறுநீர் நீர்த்துப்போயிருந்ததால் இன்னொரு முறை கேட்டார்கள். அதுவரை நான் அந்தப் பெண் அதிகாரியின் பார்வையிலேயே இருக்க வேண்டும். பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. "என் பேத்தி மேல சந்தேகமா?" என்றார். சந்தேகம் இல்லை பாட்டி, என் பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவளின் வீட்டுக்கும் இப்படித்தான் போவார்கள் என்றேன். அதை நான் மனதார நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இத்தனை விடியற்காலைகளைக் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது வெளியே தங்குவதாக இருந்தால் பையை எடுக்கும் முன்பே செயலியைத் திறந்துவிடுகிறேன். அம்மாவும் இரவு போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, "இடத்த மாத்திட்டியா?" என்று கேட்கிறார்.