பலோன் டோரா, தி பெஸ்ட்டா?
கால்பந்தில் ஆண்டின் சிறந்த வீரருக்கு இரண்டு பெரிய விருதுகள். 2024இல் பலோன் டோர் ரொட்ரிக்கு. உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் தி பெஸ்ட் வினிசியஸுக்கு. கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையில் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பலோன் டோர் 1956 முதல் வருகிறது. மவுசு அதற்குத்தான், சரி. ஆனால் ஆண்கள் விருதுக்கு வாக்களிப்பது பிஃபா தரவரிசையில் முதல் 100 நாடுகளின் பத்திரிகையாளர்கள் மட்டும். இலங்கைக்கு அங்கே கதிரை கிடையாது. தி பெஸ்ட்டில் தேசிய அணித்தலைவர்கள், பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள், ரசிகர்கள் என நாலு பங்கு. கையில் போன் இருந்தால் நானும் வாக்காளன். 2023இல் மெஸ்ஸியும் ஹாலண்டும் 48 புள்ளிகளில் சமம். அணித்தலைவர்களின் முதல் தெரிவுகள்தான் மெஸ்ஸியைக் கரைசேர்த்தன.

பயிற்சியாளர் விருதா? பலோன் டோர் 2024இல்தான் விழித்துக்கொண்டது.

ஆனாலும் நள்ளிரவு தாண்டிக் கண்விழிப்பதென்றால் எனக்குப் பலோன் டோர்தான்.