கார்னரா, லைன்பேக்கரா? 2021 டிராஃப்டுக்கு முன் டல்லாஸ் கௌபாய்ஸ்

2020 அக்டோபர் 4, ஆர்லிங்டன், ஏடி அண்டு டி ஸ்டேடியம், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் ஆட்டம். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 41, டல்லாஸ் கௌபாய்ஸ் 38. கடைசிக் கால்பகுதியில் 14லிருந்து 38க்கு ஏறி வந்திருந்தது டல்லாஸ். இன்னும் மூன்றரை நிமிடம்கூட இல்லை. பிரவுன்ஸை இந்த ஒரு முறை நிறுத்திவிட்டால் போதும், பந்து டல்லாஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டாக் பிரெஸ்காட் கைக்கு வந்துவிடும். அப்போது பிரவுன்ஸின் ஓடெல் பெக்கம் பந்தை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினார். ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு வெகுதூரம் பின்னாலேயே டல்லாஸின் ஆல்டன் ஸ்மித் அவரைப் பிடித்துவிடுவார் போல இருந்தது. பிடிக்கவில்லை. பெக்கம் ஓரமாகத் திரும்பி 50 யார்டு ஓடி, பந்தை எல்லைக்குள் சேர்த்து டச்டவுன் அடித்தார். முடிவு 49-38.

அன்று பிரவுன்ஸ் பந்தை எறியாமல், கையில் வைத்து ஓடியே எடுத்தது 307 யார்டு. அதுவும் முதன்மை ஓட்டக்காரர் நிக் சப் காயத்தோடு ஆரம்பத்திலேயே வெளியேறிய பிறகு. அந்த சீசன் முழுக்க டல்லாஸ் விட்ட ஓட்டம் 2,541 யார்டு, ஆட்டத்துக்கு சராசரி 158.8. விட்ட புள்ளிகள் 473. அந்த அணியின் வரலாற்றில் ஒரே சீசனில் அதுவரை அவ்வளவு விட்டதில்லை. 6 வெற்றி, 10 தோல்வி. தடுப்பாட்டப் பயிற்சியாளர் மைக் நோலனை அனுப்பிவிட்டு டான் க்வினைக் கொண்டுவந்தார்கள்.

இப்படி ஒரு அணி டிராஃப்டுக்குப் போகும்போது எதை முதலில் வாங்க வேண்டும்? ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: டிராஃப்டில் ஏலம் கூறுவதில்லை. கல்லூரியிலிருந்து வருகிற ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். காசு இருந்தாலும் வரிசையைத் தாண்ட முடியாது. வரிசையில் உள்ள இடத்தை வேண்டுமானால் இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளலாம். டல்லாஸுக்கு முதல் சுற்றில் 10ஆவது இடம், இரண்டாவது சுற்றில் 44ஆவது இடம். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். பத்தாம் இடத்தை மட்டும் தனியாக வைத்துப் பேசினால் பாதிக் கணக்குதான்.

ஓட்டை எங்கெல்லாம்? எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களை ஓரத்தில் மறிக்கும் கார்னர்பேக் வரிசையில் பைரன் ஜோன்ஸ் 2020இல் மயாமிக்குப் போனார், சிடோபே அவூசி 2021இல் சின்சினாட்டிக்கு. மிஞ்சியது இரண்டாம் ஆண்டுக்காரர் டிரெவான் டிக்ஸ், அந்தோணி பிரவுன், உள்பக்கம் ஆடும் ஜோர்டன் லூயிஸ். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரில் ஷான் லீ டிராஃப்டுக்கு மூன்று நாள் முன்பு ஓய்வு அறிவித்தார். லெய்ட்டன் வாண்டர் எஷ் நல்ல ஆட்டக்காரர், ஆனால் கழுத்து, தோள் என்று உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஜெய்லன் ஸ்மித்துக்கு 2019இல் பெரிய ஒப்பந்தம் கொடுத்தார்கள், அதற்கப்புறம் ஆட்டம் இறங்குமுகம். முன்வரிசை நடுவில் டிஃபென்சிவ் டேக்கிள் இடமோ பல வருடமாகவே ஏனோதானோ. கடைசி வரிசையான சேஃப்டிக்கு விலை குறைந்த சிலரை ஒரு வருட ஒப்பந்தத்தில் பிடித்திருந்தார்கள். அதை இந்த விவாதத்தில் விட்டுவிடலாம்.

கார்னர் பக்கம் பேசியவர்கள்தான் அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. இன்றைய ஆட்டம் பந்தை எறிந்து ஆடும் பாஸ் ஆட்டம். டல்லாஸ் ஆடும் அதே பிரிவில், வாஷிங்டனில் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டெர்ரி மெக்லாரின் இருந்தார்; நியூயார்க் ஜயண்ட்ஸ் அப்போதுதான் இன்னொரு ரிசீவர் கென்னி கோலடேவைக் கொண்டுவந்திருந்தது. க்வின் சியாட்டிலில் பெயர் எடுத்ததே உயரமான, கை நீளமான கார்னர்களை வைத்து ஆடித்தான். அந்த வருடச் சந்தையிலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்: அலபாமாவின் பேட்ரிக் சர்ட்டன், சவுத் கரோலைனாவின் ஜேசி ஹார்ன்.

இரண்டு பேருமே என்எஃப்எல் வீட்டுப் பிள்ளைகள். சர்ட்டனின் அப்பா மயாமியில் கார்னர், ஹார்னின் அப்பா ஜோ ஹார்ன் நியூ ஆர்லியன்ஸில் ரிசீவர். ஆட்டம் மட்டும் நேர் எதிர். சர்ட்டன் அலட்டிக்கொள்ள மாட்டார். எதிரே நிற்பவன் எங்கே திரும்புவான் என்று முன்பே தெரிந்தவர் மாதிரி நிழலாகக் கூடவே போவார். அவரைப் பார்த்தால் வேலை சுலபம் என்று தோன்றும். ஹார்ன் சண்டைக்கோழி. முதல் அடியிலேயே கை வைத்து ரிசீவரை வழிமறிப்பார். அதனாலேயே அபராதக் கொடியும் விழும். என் கண்ணுக்கு டல்லாஸுக்குப் பொருந்தியவர் சர்ட்டன்தான். டிக்ஸும் அவரும் 2019இல் அலபாமாவில் இரண்டு ஓரமும் சேர்ந்து ஆடியவர்கள். டிக்ஸ் பந்தைப் பறிக்கப் பாய்கிற ரகம். பாய்ந்து தவறினால் பின்னால் வெட்டவெளி. மறுபக்கம் ஒருவர் தப்பே செய்யாமல் நின்றால் அந்தச் சூதாட்டத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

எதிர்ப்பக்கம் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லைன்பேக்கர் மைக்கா பார்சன்ஸ். எடை 246 பவுண்டு, 40 யார்டை 4.39 நொடியில் ஓடியவர். அந்த எடையில் அந்த வேகம் பயமுறுத்தும். கொரோனா காரணமாக 2020 சீசனில் ஆடவில்லை, ஆகவே பார்க்கக் கிடைத்தது 2019 வரைக்குமான படங்கள்தான். அதில் கடைசி ஆட்டம் டல்லாஸ்காரர்களுக்குச் சொந்த வீட்டிலேயே நடந்தது. 2019 டிசம்பர் 28, காட்டன் போல் என்ற கல்லூரி ஆட்டம், அதே ஆர்லிங்டன் ஸ்டேடியம், மெம்ஃபிஸுக்கு எதிராக. 14 டேக்கிள் (பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்துவது), 2 சாக் (பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). பெக்கம் ஓடிய அதே தரையில், அதற்கு ஒன்பது மாதம் முன்பு, ஓரத்துக்கு ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தவர் இவர்.

அவருக்கு எதிரான வாதம் ஆளைப் பற்றியதே இல்லை, இடத்தைப் பற்றியது. கோட்டுக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கரை முதல் பன்னிரண்டுக்குள் எடுப்பது ஊதாரித்தனம் என்பது பொதுக் கருத்து. அந்த இடத்துக்கான திறமை இரண்டாவது, மூன்றாவது சுற்றிலும் கிடைக்கும்; முதல் தரக் கார்னர் கிடைக்க மாட்டார். அப்புறம் இன்னொன்றும் உண்டு. ஓட்டத்தைத் தடுக்க முடியாததற்கு லைன்பேக்கர் பாதிதான் காரணம். முன்வரிசை நடுவில் நிற்பவர் இரண்டு பேரைத் தன்மேல் தாங்கிக்கொள்ளவில்லை என்றால் எதிரணியின் முன்வரிசைக் கார்டு நேராக வந்து லைன்பேக்கர் மேல் விழுவார். பின்னால் யாரை நிறுத்தினாலும் அதே கதைதான்.

அப்படியானால் டிஃபென்சிவ் டேக்கிளை எடுக்க வேண்டியதுதானே? மனசு அங்கேதான் போகும். ஆனால் சந்தையில் சரக்கு இல்லை. 2021 முதல் சுற்றில் ஒரு டிஃபென்சிவ் டேக்கிள்கூடப் போகவில்லை. முதல் ஆள் கிறிஸ்டியன் பார்மோர், அதுவும் 38ஆவதாக. பசிக்கிறது என்பதற்காகப் பத்தாவது இடத்தைக் கொடுத்து அவரை வாங்குவது வீண்.

இப்போது 44ஐயும் சேர்த்துக் கணக்குப் போடலாம். முதல் வழி: பத்தில் கார்னர், 44இல் லைன்பேக்கர். இரண்டாவது வழி: பத்தில் பார்சன்ஸ், 44இல் கார்னர். அந்த வருடம் ஜெரமையா ஓவுசு-கொரமோவா 52க்கும், நிக் போல்டன் 58க்கும்தான் போனார்கள். அதாவது 44இல் இரண்டு பேருமே இருந்தார்கள். கார்னர் பக்கம் அந்த இடத்தில் மிஞ்சியிருந்தவர்கள் கெல்வின் ஜோசப், அசான்டே சாமுவேல் ஜூனியர் போன்றவர்கள். ஒருவர் அனுபவம் குறைவு, இன்னொருவர் உருவம் சிறிது. காகிதத்தில் முதல் வழிதான் கனம். அன்று இரவு என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் சர்ட்டன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 29 அன்று என்ன நடந்தது? முதல் ஏழு பேரும் தாக்குதல் ஆட்டக்காரர்கள். டல்லாஸ் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், இரண்டு கார்னர்களும் அப்படியே இருக்கிறார்கள். எட்டில் கரோலைனா ஹார்னை எடுத்தது. சரி, சர்ட்டன் இருக்கிறார். ஒன்பதில் டென்வர் சர்ட்டனை எடுத்தது. வாய்க்கு எட்டியது போய்விட்டது. டல்லாஸ் பத்தாம் இடத்தை, எப்போதும் ஆகாத பிலடெல்பியாவுக்கே கொடுத்துவிட்டு 12க்கு இறங்கியது; கூடவே 84ஆவது இடமும் கிடைத்தது. 12இல் பார்சன்ஸ். பிறகு 44இல் கெல்வின் ஜோசப், 75இல் ஓசா ஓடிகிசுவா, அந்த 84இல் சான்சி கோல்ஸ்டன். முதல் ஆறு தேர்வும் தடுப்பாட்டக்காரர்களே.

செப்டம்பரில் கதை திரும்பியது. முதல் வாரம் முடிந்ததும் பயிற்சியில் டிமார்கஸ் லாரன்ஸின் பாதம் முறிந்தது. ரேண்டி கிரிகோரி கொரோனா பட்டியலில். முன்வரிசை ஓரத்தில் நிற்க ஆளில்லை. சார்ஜர்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் க்வின் பார்சன்ஸை ஓரத்தில் குனிய வைத்து, குவார்ட்டர்பேக்கைத் துரத்தச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவர் ஆடிய இடம்தான் அது. ஜஸ்டின் ஹெர்பர்ட்டை அன்று நிம்மதியாக நிற்க விடவில்லை. டல்லாஸ் 20-17 என்று ஜெயித்தது. அந்த சீசனில் 13 சாக், சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது. அடுத்த மூன்று சீசனில் 13.5, 14, 12.

ஆகவே ‘கார்னரா, லைன்பேக்கரா’ என்ற கேள்வியே தப்பு. கார்னரா, எட்ஜ் ரஷரா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் இடத்தின் மதிப்பு என்கிற வாதம் அங்கேயே விழுந்திருக்கும். முன்வரிசை ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற எட்ஜ் ரஷருக்குக் கார்னரைவிட விலை அதிகம். தேவைப் பட்டியலில் எட்ஜ் என்ற வரி மேலே இல்லாததால் யாரும் கேட்கவில்லை. லாரன்ஸும் கிரிகோரியும் இருந்தார்களே.

கார்னர் பக்கம் வாதம் பொய்த்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. சர்ட்டன் 2024இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். போல்டன் லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் போலில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டவர். ‘சர்ட்டன், போல்டன்’ ஜோடியை ‘பார்சன்ஸ், ஜோசப்’ ஜோடியோடு வைத்துப் பார்த்தால் முதல் ஜோடிக்கே என் ஓட்டு. ஜோசப் இரண்டு சீசனில் மயாமிக்குப் போய்விட்டார். ஹார்னை எடுத்திருந்தால் வேறு கதை: முதல் மூன்று வருடத்தில் காயம் போக அவர் ஆடியது 22 ஆட்டம்தான்.

ஆனால் டல்லாஸுக்குக் கார்னரை வேறு இடத்தில் தேடிப்பிடிக்கும் கை இருந்தது. இரண்டாவது சுற்றில் வந்த டிக்ஸ் 2021இல் 11 பந்து பறித்தார். 2022இல் ஐந்தாவது சுற்றில் எடுத்த டாரன் பிளாண்ட், அடுத்த வருடம் பறித்த பந்தோடு ஓடி ஐந்து டச்டவுன் போட்டார், லீக் சாதனை. கீழ்ச் சுற்றில் கார்னர் பிடிக்கத் தெரிந்த அணி மேல் இடத்தை வேறு எதற்காவது செலவு செய்யலாம். இதை அன்றைய பட்டியல்கள் எதுவும் கணக்கில் எடுக்கவில்லை, நானும்தான்.

ஓட்டத் தடுப்பு மட்டும் அப்படியே கிடந்தது. 2021 சீசனின் பிளேஆஃபில் சான் பிரான்சிஸ்கோ 169 யார்டு ஓடி டல்லாஸை வீட்டுக்கு அனுப்பியது. 2023இல் அந்த நடு இடத்துக்காகவே முதல் சுற்றில் மாஸி ஸ்மித்தை எடுத்தார்கள், எடுபடவில்லை. 2025 ஆகஸ்டில் சம்பளத் தகராறு முற்றி, பார்சன்ஸை கிரீன் பேவுக்கு விற்றார்கள். பதிலுக்கு இரண்டு முதல் சுற்று இடங்கள், கூடவே ஓர் ஆட்டக்காரர்: கென்னி கிளார்க், டிஃபென்சிவ் டேக்கிள். ஓட்டத்தைத் தடுக்க ஆள் வேண்டும் என்று டல்லாஸ் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் விளக்கம் சொன்னார்.