வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு எந்த சைக்கிள் மீட்டர்?

எனக்கு வயது 53. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்புவது வழக்கம். போன வருடம் வலது முழங்காலில் வலி ஆரம்பித்தது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, "கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிக்கிறீர்கள் சார். கியரைக் குறைத்து, காலை வேகமாகச் சுற்றுங்கள்" என்றார். நிமிடத்துக்கு எத்தனை முறை பெடல் சுற்றுகிறது என்பதுதான் கேடன்ஸ். என்னுடையது 60 பக்கத்தில் இருந்தது. அதை 80க்குக் கொண்டுபோக வேண்டும். மீட்டர் இல்லாமல் அது முடியாது.

அவசரப்பட்டு ஒன்றை வாங்கினேன். ஒரே திரையில் எட்டு எண்கள், கேடன்ஸ் கீழே வலது மூலையில். கோவளம் தாண்டி, அது 68ஆ 88ஆ என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனவன், நிமிர்ந்தபோது ஓரமாக நின்றிருந்த வேனின் பின்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 25 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் போகிறோம். இரண்டு விநாடி கண்ணைத் தாழ்த்தினால் ஒரு பேருந்தின் நீளத்தைப் பார்க்காமலே கடந்துவிடுகிறோம். அன்று மாலையே அந்த மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அடுத்ததை வாங்கும் முன் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். வெள்ளைத் தாளில் 68, 86, 88 என்று மூன்று அளவுகளில் அச்சடித்தேன்: 6 மி.மீ., 9 மி.மீ., 12 மி.மீ. உயரம். துண்டு துண்டாக வெட்டி, ஹேண்டில்பார் நடுவில் ஒட்டிக்கொண்டு தெருவை நாலு சுற்று சுற்றினேன். 6 மி.மீ. எண் நின்றால் தெரிந்தது, ஓட்டினால் கலங்கியது. 9 பரவாயில்லை. 12 மி.மீ. எண்ணைத் தலையைக் குனியாமல், கண்ணை மட்டும் தாழ்த்திப் படிக்க முடிந்தது. உங்கள் கண்ணுக்கு வேறு அளவு வரலாம், ஆனால் இந்தச் சோதனைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. கண்ணாடி போட்டுக்கொண்டால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: படிக்கும் கண்ணாடி ஏறத்தாழ 40 செ.மீ. தூரத்துக்கு. மீட்டர் இருப்பதோ 60, 70 செ.மீ. தூரத்தில். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

சரி, கடையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். முதல் வகை, கைக்கடிகாரத்தில் வருவது போன்ற எல்சிடி எண்கள் உள்ள எளிய மீட்டர். ஜப்பானின் கேட்ஐ, ஜெர்மனியின் சிக்மா இரண்டும் இதில் பழுத்த நிறுவனங்கள். கறுப்பு எண் வெயிலில் பளிச்சென்று தெரியும், ஒரு பொத்தான் பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும், சார்ஜ் செய்யும் வேலையே இல்லை. கேட்ஐயின் பட்ரோன் பெரிய எண்களுக்கே பேர்போனது. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சாதாரண பட்ரோன் வயர்லெஸ் மாடலில் கேடன்ஸ் கிடையாது, வேகம் மட்டும்தான். பட்ரோன் டிஜிட்டல் என்ற மாடலில் கேடன்ஸ் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிக்மாவில் பெயரோடு CAD என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது கேடன்ஸ் மாடல்.

இந்த வகையில் எனக்கு இருக்கும் உண்மையான மனக்குறை வேறு. பெரும்பாலும் வேகத்துக்குப் பெரிய இடம், கேடன்ஸுக்குச் சின்ன வரி. தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான், மாற்ற முடியாது. என்னைப் போல் முழங்காலுக்காக ஓட்டுபவருக்கு இது தலைகீழ். வேகம் காற்றிலேயே தெரிந்துவிடும், 22ஆ 24ஆ என்பது வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டும்போது நொடிக்கு நொடி தேவைப்படுவது கேடன்ஸ்தான்.

பழைய பாணி வயர்லெஸ்ஸில் இன்னொரு தொல்லை, மலிவான எல்இடி விளக்குகள் சிக்னலைக் குழப்பும். என் நண்பர் முன்விளக்கைப் போட்டதும் அவருடைய மீட்டர் 70 கி.மீ. வேகம் காட்டியது. ஒயர் உள்ள மாடலில் இந்தப் பேச்சே இல்லை. ஸ்போக்கில் ஒரு காந்தம், கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) ஒரு காந்தம், இரண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி, அவ்வளவுதான். விலையும் குறைவு.

இரண்டாம் வகை ஜிபிஎஸ் மீட்டர். இங்கே எல்லோரும் முதலில் கேட்பது திரை எத்தனை அங்குலம் என்று. கார்மின் எட்ஜ் 130 பிளஸ் 1.8 அங்குலம், வாஹூ எலமென்ட் போல்ட் (நான் சொல்வது இரண்டாம் பதிப்பை) 2.2, ஐஜிபிஸ்போர்ட் பிஎஸ்சி 100எஸ் 2.6. அங்குலத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். 2.6 அங்குலத்தில் எட்டு எண் திணித்தால் கிடைப்பதைவிட, 1.8 அங்குலத்தில் இரண்டே எண் வைத்தால் கிடைக்கும் எழுத்து பெரியது. எட்ஜ் 130 பிளஸ்ஸில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எத்தனை எண் வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். தொடுதிரை இல்லை, பொத்தான்கள்தான். வியர்வை வழியும் கையோடு நம் ஊரில் ஓட்டுபவர்களுக்கு அது நல்லதே.

போல்ட்டில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. வலது பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்த அழுத்த எண்கள் குறைந்து, மிச்சம் இருப்பவை பெரிதாகும். இன்னொன்றை அழுத்தினால் திரும்பக் கூடும். எது மேலே வர வேண்டும் என்று போனில் உள்ள செயலியில் வரிசைப்படுத்தினால் போதும். நான் கேடன்ஸை முதலில், வேகத்தை இரண்டாவதாக, தூரத்தை மூன்றாவதாக வைத்தேன். விடிகாலை அரையிருட்டில் இரண்டு எண்ணாக்கிக்கொள்வேன், வெளிச்சம் வந்ததும் மூன்று. ஓட்டிக்கொண்டே, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இதைச் செய்ய முடிகிறது.

சார்ஜ் விஷயத்தில் போல்ட் பிஎஸ்சி 100எஸ்ஸைவிடப் பின்தங்குகிறது. நிறுவனம் சொல்வதே 15 மணி நேரம், எட்ஜ் 130 பிளஸ் 12, பிஎஸ்சி 100எஸ் 40. பிரெவே என்ற, நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம். நிதானமாக முடிப்பவருக்கு 12 மணி நேரச் சார்ஜ் போதாது, 15 மட்டுமட்டாகப் போதும். 300, 400 என்று போகிறவர்கள் பிஎஸ்சி 100எஸ் பக்கம் போவது நியாயம்தான். விலையும் போல்ட்டைவிட மிகக் குறைவு.

ஜிபிஎஸ் மீட்டர் வாங்குபவர்கள் அடிக்கடி மறப்பது ஒன்று: ஜிபிஎஸ் உங்கள் வேகத்தைச் சொல்லும், கேடன்ஸைச் சொல்லாது. அதற்கு கிராங்கில் மாட்டும் சென்சார் தனியாக வேண்டும். பல பெட்டிகளில் அது இருக்காது. காந்தம் இல்லாத இப்போதைய சென்சார்கள் ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளும்படி வருகின்றன, மாட்ட இரண்டு நிமிடம் ஆகாது. வேகத்துக்கும் சக்கர அச்சில் மாட்டும் ஒரு சென்சார் இருந்தால் நல்லது. மரநிழலிலும் மேம்பாலத்தடியிலும் ஜிபிஎஸ் வேகம் தடுமாறும், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னரில் வைத்து ஓட்டினால் பூஜ்யம்தான் காட்டும்.

போனையே ஹேண்டில்பாரில் மாட்டலாமே என்றால், திரை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் சென்னை வெயிலில் எட்டு மணிக்கு மேல் போன் சுட ஆரம்பித்து, திரை தானாக மங்கிவிடுகிறது. பெரிய எண் வேண்டும் என்று வாங்கிய இடத்திலேயே அது கைவிடுகிறது.

கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாகப் போடும் கூலிங் கிளாஸை எடுத்துப் போங்கள். அது கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு வகை என்றால், சில கோணங்களில் எல்சிடி திரை கறுத்துப் போகும். மீட்டரைக் கையில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டி மாட்டும் மவுன்ட்டையும் சேர்த்தே வாங்குங்கள். மீட்டர் நெஞ்சுக்குக் கீழே கிடக்காமல் சாலைப் பார்வைக்கு அருகில் வரும், குனியும் அளவு குறையும்.

வேகமும் கேடன்ஸும் தெரிந்தால் போதும், சார்ஜ் போடும் வேலை வேண்டாம் என்பவருக்கு, பட்ரோன் டிஜிட்டல் கிடைத்தால் அதையே சொல்வேன். கிடைக்காவிட்டால் சிக்மாவின் கேடன்ஸ் மாடல். முழங்கால் வலியால் இந்தப் பக்கம் வந்தவர் என்றால் யோசிக்காமல் போல்ட். போல்ட்டுக்குக் காசு போதாது என்றால் எட்ஜ் 130 பிளஸ், ஒரு பக்கத்துக்கு இரண்டே எண்ணாக வைத்து.

எதை வாங்கினாலும் வேகத்தைச் சக்கரத்திலிருந்து எடுக்கும் மீட்டரில் டயர் அளவைச் சரியாகக் கொடுங்கள். 700-25 (25 மி.மீ. அகல) டயரின் சுற்றளவு 2105 மி.மீ., 700-28க்கு 2136. நான் 28க்கு மாறிய பிறகு மீட்டரில் மாற்ற மறந்து, மாமல்லபுரம் எப்படி அரை கிலோமீட்டருக்கு மேல் பக்கத்தில் வந்தது என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன்.