அழித்த பிறகும் தங்கிய மூன்று வரிகள்: கிராக்கா, காசு கொடுத்து வாங்குவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சித்தி மகன் வரும்போதெல்லாம் பையில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். “அண்ணா, எந்த கேம் வேண்டும்?” என்று மாம்பழக் கூடையைத் திறப்பதுபோல் திறப்பான். முத்தியால்பேட்டை வீட்டில் இரண்டு வருடம் அந்தக் கூடையிலிருந்துதான் விளையாடினேன். எல்லாம் கிராக், அதாவது பூட்டை உடைத்துக் காசில்லாமல் ஓடவைத்த பதிப்புகள். இப்போது தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குகிறேன். விலையில் கிராக் ஜெயிக்கும், சட்டத்தில் தோற்கும். அதைப் பேசிப் பயனில்லை.

கிராக் குழுக்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ரேசர் 1911 குழு 1985இல் நார்வேயில் தொடங்கியது. பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினறும எண் 777தான் நம் கணக்கில் 1911, பெயரிலேயே குறும்பு. ஆனால் எந்தக் குழுவும் நம் கையில் நேரடியாகக் கொடுப்பதில்லை. டாரென்ட், மறுபடி சுருக்கிக் கட்டுபவர், யாருடைய டிஸ்க்கோ என்று கைமாறி வருகிறது. நடுவில் எவரும் எதையும் சேர்த்துவிட்டு, பழைய குழுவின் பெயரையே விட்டுவைக்கலாம்.

என்னை மாற்றியது பராமரிப்பு. ஒரு கார்ப் பந்தய விளையாட்டை அழித்துவிட்டு, அதையே ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினேன். சர்வரோடு இணையவே இல்லை. ஸ்டீமின் ‘கோப்புகளைச் சரிபார்’ என்ற வசதியை இரண்டு முறை ஓட்டினேன். எல்லாம் சரி என்றது. கடைசியில் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால், அடியில் 127.0.0.1 என்று தொடங்கும் மூன்று வரிகள். விளையாட்டு நிறுவனத்தின் முகவரியைத் தேடினால் என் கணினியையே காட்டு என்று அர்த்தம். பழைய கிராக்கோடு வந்த பேட்ச் கோப்பு எழுதியது. விளையாட்டை நீக்கியபோது அது நீங்கவில்லை. ஸ்டீமும் தன் கோப்புறைக்கு வெளியே பார்ப்பதில்லை. விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் டி டிரைவ் முழுவதும் இருந்தது. அது நானே, கிராக்கோடு வந்த “ஆன்டிவைரஸை நிறுத்தவும்” என்ற குறிப்பை நம்பிச் சேர்த்தது. அன்றிலிருந்து அங்கே இறங்கிய எதையும் அது சோதித்திருக்காது.

வாங்கிய பதிப்பிலும் நான் ஐஎன்ஐ கோப்பை, அதாவது அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பைத் திருத்துகிறேன். மடிக்கணினி பழையது, நிழலைக் குறைத்தால்தான் ஓடும். தப்பாகிவிட்டால் அந்தக் கோப்பை அழித்துவிடுவேன், விளையாட்டு புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். கிராக்கின் ஐஎன்ஐ அப்படியல்ல. பயனர் பெயர், மொழி, சில சமயம் எந்த டிஎல்எல்லை (விளையாட்டு துணைக்கு அழைக்கும் நிரல் கோப்பு) ஏற்றுவது என்பதுகூட அதில் இருக்கும். அழித்தால் விளையாட்டே திறக்காமல் போகலாம். அந்த வரிகளை மாற்றித் தந்தவர் யார் என்பதும் தெரியாது.

நெட் சரியில்லாத வீடுகளுக்கு ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடை இன்னும் நல்லது. நிறுவும் கோப்பை இறக்கி நம் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளலாம், பூட்டு கிடையாது. புதிய பெரிய விளையாட்டுகள் அங்கே தாமதமாக வரும், சில வருவதே இல்லை. ஸ்டீமில் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனக்கு ஒருமுறை கிடைத்தது. எப்போதும் அவ்வளவு சுலபமா என்று உறுதி சொல்லத் துணியேன்.

அந்த மூன்று வரிகளை நீக்கியதும் கார் ஓடியது. போன வாரம் தம்பியின் மடிக்கணினியிலும் ஹோஸ்ட்ஸைத் திறந்தோம். அவனுடையதில் பதினொன்று.