கடைசிப் படகை வைத்துக் கணக்குப் போடுங்கள்: யாழ்ப்பாணத் தீவுகளுக்கு மூன்று ஒருநாள் பயணங்கள்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் குடும்பங்கள் வந்திறங்கிய கையோடு நாள் வாடகைக்கு ஒரு வான் பேசிவிடுகின்றன. வயதானவர்கள் இருவர், பிள்ளைகள் மூவர் என்றால் அது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தீவுக்குப் போகிற நாளில் வான் கடல் தாண்டாது. குறிகாட்டுவான் துறையில் உங்களை இறக்கிவிட்டு ஐந்தாறு மணி நேரம் வெயிலில் நிற்கும். அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். தீவு நாட்களுக்குப் பஸ்ஸும் படகும் போதும். நடக்க முடியாத பெரியவர் இருந்தால் துறைவரை மட்டும் வாகனம் பேசுங்கள், போவதற்கு ஒன்று, திரும்ப ஒன்று. 'வெயிற்றிங்' இல்லாத பேச்சாக முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். யாழ். நகருக்குள் பிக்மி செயலியில் ஓட்டோ பிடிக்கலாம். தீவுகளில் அதை நம்பிப் போகக்கூடாது.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வாசல் குறிகாட்டுவான்தான். யாழ். பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாகத் துறை வாசலில் இறக்கிவிடும். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். ஆனால் நின்று நின்று போவதால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்திலேயே ஏறினால் இருக்கை கிடைக்கும், இடைவழியில் ஏறினால் நின்றுதான் போக வேண்டும். சில்லறைத் தாள்களாகக் காசு கொண்டு போங்கள். பஸ்ஸிலும் படகிலும் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாற்றுவதற்கு வழியில்லை, வங்கி அட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

துறையில் இறங்கியதும் முதலில் கேட்க வேண்டியது திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை. நேர அட்டவணை காற்றுக்கும் பழுதுக்கும் ஏற்ப மாறும். அதனால் வீட்டில் யாரோ சொன்ன நேரத்தை நம்பாமல், படகுக்காரரிடமே கேட்டு, அதற்கு முந்திய படகில் திரும்புவதாகத் திட்டமிடுங்கள். கடைசிப் படகில் இடம் இல்லாமல் போனால் அதற்குப் பிறகு வேறு வழி இல்லை.

படகில் ஏறுவதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டமான இடம். துறையின் விளிம்பிலிருந்து படகின் ஓரப் பலகைக்கு ஓர் எட்டு வைக்க வேண்டும். அலை தூக்கும்போது பலகை துறையோடு சமமாக வரும், தாழும்போது கால் எட்டாது. படகு மேலே வருகிற கணத்தில் காலை வைக்க வேண்டும், தாழும்போது வைத்தால் முழங்கால் மடங்கும். பைகளை முதலில் கொடுத்துவிடுங்கள். சேலையை ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் படகுக்காரரின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். விரலைப் பிடித்தால் வழுக்கும். ஒரு படகுக்கு அப்பால் இன்னொரு படகு கட்டியிருந்தால் முதல் படகைக் கடந்து அடுத்ததற்குப் போக நேரும். அப்போது பிள்ளைகளை ஒவ்வொருவராகத்தான் விட வேண்டும்.

உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பிள்ளைக்குப் பெரியவர் அளவு கிடைத்தால் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது தண்ணீரில் பிள்ளையைக் காக்காது, வேறு ஒன்று கேட்க வேண்டும். கீழ்த்தட்டில் வெயில் இல்லை, ஆனால் இயந்திரச் சூடும் டீசல் மணமும் சேர்ந்து தலையைச் சுற்ற வைக்கும். குமட்டல் வரக்கூடியவர்கள் காற்றுப் படுகிற இடத்தில், படகின் நடுப்பகுதியில் இருக்கட்டும்.

நயினாதீவுப் பயணம் 20 நிமிடம்தான். தீவில் நாகபூசணி அம்மன் கோவிலுக்கு ஒரு துறை, நாகவிகாரைக்கு ஒரு துறை. படகு எதில் நிற்கும், திரும்ப எதில் ஏற வேண்டும் என்று இறங்கும்போதே கேளுங்கள். இரண்டுக்கும் இடையே நடக்கலாம் என்றாலும் நண்பகல் வெயிலில் கைக்குழந்தையோடு அந்த நடை சுலபமில்லை. காலையில் போய், மத்தியானப் பூசை பார்த்து, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் சரியான ஒழுங்கு. சாப்பாட்டுச் செலவு இல்லை, முடிந்ததை உண்டியலில் போடுங்கள். கோவிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றத் தயாராக வேட்டியோடு போவது நல்லது. விகாரையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பியும் செருப்பும் வெளியே. வெள்ளி, செவ்வாய், போயா எனும் பௌர்ணமி நாள், சனி, ஞாயிறு எல்லாம் நெரிசல். தெற்கிலிருந்து யாத்திரை பஸ்கள் வரிசையாக வரும் பள்ளி விடுமுறை நாட்களில் படகுக்கே வெகுநேரம் நிற்க வேண்டிவரும். திங்கள், புதன், வியாழன் பாருங்கள். ஆனி மாதத் திருவிழாவுக்கென்றே வருபவர்கள் நெரிசலுக்குத் தயாராகத்தான் வருவார்கள்.

நெடுந்தீவு வேறு கணக்கு. படகில் ஒரு மணி நேரம், அதுவும் திறந்த கடல். வைகாசியிலிருந்து ஆவணிவரை வீசும் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். நெடுந்தீவும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. ஆகவே போகும்போது படகு அலையை எதிர்த்து ஏறும், முன்பக்கம் இருப்பவர்கள் நனைவார்கள். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், அவ்வளவு குலுங்காது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் கோடை விடுமுறை இந்தக் காலத்தில்தான் வருகிறது. எனவே ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகளையும் இதய நோயாளிகளையும் நயினாதீவோடு நிறுத்திக்கொள்வதே என் ஆலோசனை.

அரச படகுகளில் ஒரு மரியாதை வேண்டும். தீவுச் சனத்துக்கு அதுதான் வீதி. ஆசிரியர்களும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளும், அரிசி மூட்டைகளும் அதில்தான் போய்வர வேண்டும். காலைப் படகில் பத்துப் பேர் பட்டாளமாக ஏறினால் யாரோ ஒருவர் வேலைக்குப் போக முடியாமல் துறையில் நிற்பார். கூட்டமாகப் போகிறவர்கள் தனியார் படகைப் பேசிக்கொள்வது நல்லது.

தீவில் இறங்கியதும் ஓட்டோவும் பிக்அப்பும் நிற்கும். விலை பேசும்போது 'தீவைச் சுற்றிக் காட்டுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை, குதிரைகள் நிற்கிற தெற்கு வெளி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஆளுக்கா வாகனத்துக்கா என்பதையும் தெளிவாக்குங்கள். இல்லாவிட்டால் குதிரை வெளிக்குப் போகாமலே சுற்று முடிந்துவிடும். மூன்று மணி நேரம் போதும். முருகைக்கல் வேலிகளுக்கிடையே போகும்போது வண்டியை நிறுத்தி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சாந்து இல்லாமல் கல்லைக் கல்லில் பொருத்தி அடுக்கியது, பவளத்தின் துளைகள் விரலில் படும். குதிரைகளுக்குத் தீனி போடாதீர்கள், கிட்டப் போய் விரட்டாதீர்கள். வறட்சிக் காலத்தில் தண்ணீருக்கே அலைகிற உயிர்கள் அவை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தில் பிள்ளைகளோடு சற்று நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டு போக வேண்டும். தீவின் கிணறுகள் பலவும் உவர். நிழலும் குறைவு, தொப்பி அவசியம். சாப்பாடு கட்டுவதென்றால் தேங்காய்ப்பூச் சம்பல் வேண்டாம், மத்தியானத்துக்குள் புளித்துவிடும். புளிச்சாதமோ, பொரித்த மிளகாய்ச் சம்பலோடு புட்டோ தாங்கும்.

கடலுக்குப் பயந்தவர்களுக்கு மூன்றாவது வழி, ஊர்காவற்றுறை–காரைநகர் சுற்று. ஊர்காவற்றுறைக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் 'பாதை' எனப்படும் மிதவையில் காரைநகருக்குக் கடக்கலாம். காசு இல்லை, மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஏறும், நடுவில் கடற்கோட்டை தெரியும். காரைநகரில் ஈழத்துச் சிதம்பரம் எனும் சிவன் கோவிலைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் கசூரினா கடற்கரை. கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் போவதால் பிள்ளைகளுக்கு நல்ல இடம். ஆனால் அது வடக்குக் கரை, வாடைக் காற்றுக் காலத்தில் அலை ஏறும், அப்போது இறங்க வேண்டாம். இந்தச் சுற்றை எப்போதும் ஊர்காவற்றுறையிலிருந்தே தொடங்குங்கள். பாதை பழுதென்றால் காலையிலேயே தெரிந்து யாழ்ப்பாணம் திரும்பி, பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகர் போய்விடலாம். கசூரினாவில் தொடங்கிப் பொழுதுபட ஊர்காவற்றுறைக்குக் கடக்கலாம் என்று வந்தால், பாதை நின்றுபோன நாளில் ஈர உடுப்போடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் தேடி நிற்க வேண்டிவரும்.